நாய்த் தீவுக்குத் தெற்கே நிற்கும் கன்று

மர்ரே கோவ், லாப்ரடார்
27 பிப்ரவரி 1974

எஃபிக்கு,

பிப்ரவரி ஒன்பதாம் தேதி சனிக்கிழமை, குடாவுக்கு அக்கரையில் தீ தின்ற எரிகாட்டிலிருந்து விறகு ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, எல்ட்ரெட் நாய்த் தீவுக்குத் தெற்கே, நீரோட்டத்தில் ஐஸ் மெலிந்துகிடக்கும் இழுப்பில் ஸ்கிடூ மோட்டார்வண்டியோடு மூழ்கினான். நடந்தது இவ்வளவுதான். மற்றவர்கள் உன்னிடம் சொன்னதெல்லாம் அவரவர் சேர்த்தது. நர்ஸ் வழியாக நீ கேட்டனுப்பியது நடந்ததை மட்டும் என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. மதியத்துக்குமேல் காற்று திரும்பி, தரைப்பனியைக் கிளப்பிவிட்டது. தன் ஸ்கிடூவின் மூக்கே தனக்குத் தெரியவில்லை என்று ஹேவார்ட் சொன்னான். அப்படிப்பட்ட நேரத்தில் ஐஸில் வழி அடையாளமாக நட்ட மரங்களை, ஒரு வழிக்கன்றிலிருந்து அடுத்த கன்றைத் தேடித் தேடித்தான் வரவேண்டும். நம் கரையிலிருந்து தீவுக்கு வடக்காகச் சுற்றி அக்கரை வரை, குடா உறைந்ததும் கன்றுகளை நட்டவர்கள் எல்ட்ரெட்டும் ஹேவார்டும்தான். அதில் ஒரு பிசகும் இல்லை. போய்ப் பார்த்துவிட்டேன்.

ஆனால் தெற்குப் பக்கம், வழியே இல்லாத இடத்தில், ஒரு கன்று தனியாக நின்றது. அதுவரைக்கும் அவன் தடம் வந்திருக்கிறது. அங்கிருந்து நேராக ஐஸ் உடைந்த ஓட்டைக்குப் போயிருக்கிறது. சறுக்குவண்டியில் இருந்தது மரம் என்பதால் அது மூழ்கவில்லை. லோடோடு ஐஸ் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. இழுத்து வந்து என் கடைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். யாரும் ஒரு கட்டைகூட எடுக்கவில்லை. கொக்கி போட்டு நான்கு பக்கமும் தேடினோம். அவனை நீரோட்டம் கொண்டுபோய்விட்டது.

அந்தக் கன்றை நிமிர்த்தியது யார் என்று தெரியவில்லை. யாரோ ஒருவன் லோடிலிருந்து ஒரு சின்ன மரம் விழுந்திருக்கும். வழியில் வந்த இன்னொருவன் அதை விழுந்துபோன வழிக்கன்று என்று நினைத்து நிமிர்த்தி வைத்திருப்பான். விழுந்த கன்றைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக நம் ஆட்களால் முடியாது. உனக்குத் தெரியும்.

இன்னொன்று. எரிகாட்டில் எல்ட்ரெட் வெட்டிக் கிளை கழித்து, கூம்பாகச் சாய்த்து நிறுத்தியிருக்கும் விறகு நிறைய இருக்கிறது. இங்கே எல்லார் வீட்டு விறகும் தீரப்போகிறது. வெட்டியவன் சொல்லாமல் அடுத்தவன் அடுக்கை யாரும் தொடமாட்டார்கள். இனி அந்த வார்த்தை உன் வாயிலிருந்துதான் வரவேண்டும். விலையை நீயே சொல். நான் பேரம் பேசவில்லை.

ஆம்ப்ரோஸ்

*

கூஸ் பே
8 மார்ச் 1974

ஆம்ப்ரோஸ் அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நடந்ததை நீங்கள் சனிக்கிழமையிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். நான் அக்டோபரிலிருந்து தொடங்குவேன்.

அக்டோபரில் அவர் உங்கள் கடைக்கு விறகு கொண்டு வந்தார். கடை நிறைய ஆட்கள். நீங்கள் இறங்கி வந்து அடியிலிருந்து ஒரு கட்டையை உருவி, முகர்ந்து பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிறமாதிரி, "மேல காஞ்சது, அடியில பச்சை. என்னை ஏமாத்தலாம் எல்ட்ரெட், அடுப்பை ஏமாத்த முடியுமா?" என்றீர்கள். சிரித்தார்கள். அதோடு விட்டீர்களா? "பரவாயில்ல, எஃபி இலையுதிர் காலத்துலயே அழுது பழகட்டும், புகை நல்லது" என்றீர்கள். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். நான் மாவு மூட்டைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அவர் லோடைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து உங்கள் கடையில் ஒரு பொருள் எடுக்கவில்லை. மாவு பக்கத்து ஊரிலிருந்து வந்தது. தேயிலைக்கு வழியில்லை என்று நான் சதுப்பில் இலை பறித்துக் காயவைத்துக் கொதிக்கவைத்தேன். குளிர் வந்ததும், "வீட்டுக்குப் பின்னாடி இருக்கிறது எல்லாம் பச்சை மரம். எரிகாட்டுக்குப் போறேன். அங்க நின்னபடியே எலும்பா காஞ்சிருக்கு. ஒரு கட்டை பச்சைன்னு சொல்லட்டும் உங்கண்ணன்" என்றார். குடாவைத் தாண்டி அவரைப் போகவைத்தது யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

விறகு நிற்கட்டும். அழுகினாலும் நிற்கட்டும். மர்ரே கோவ் ஊரில் எந்த வீட்டில் என்ன வேகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்ததில்லையே. அந்தக் கன்றை நிமிர்த்தியது யார் என்று கண்டுபிடியுங்கள். அதன்பிறகு விறகைப் பற்றிப் பேசுங்கள்.

எஃபி

*

மர்ரே கோவ்
16 மார்ச் 1974

எஃபிக்கு,

அந்த லோடு பச்சைதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். புகையைப் பற்றிச் சொன்னது வேண்டாத பேச்சு, அது சரி.

கண்டுபிடித்துவிட்டேன். உனக்குப் பிடிக்காது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஐஸ் உளியை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கன்றின் அடியை வெட்டினேன். கன்று நட்டதும் உடனே உறையட்டும் என்று கெட்டிலில் மிஞ்சியதை அடியில் ஊற்றுவோம் இல்லையா, அதனால் அங்கே ஐஸ் பழுப்பாக இருந்தது. உள்ளே இலை. கடைத் தேயிலைத் தூள் இல்லை. விளிம்பு சுருண்ட, அடியில் துருநிறக் கம்பளி படிந்த இலை. இந்த ஊரில் அதைக் குடித்தது ஒரே ஒரு வீடு. மற்ற எல்லாருக்கும் தேயிலை விற்கிறவன் நான். ஒன்றை உருக்கிக் காயவைத்து இந்த உறையில் வைத்திருக்கிறேன். உன் கை பறித்ததா இல்லையா என்று நீ பார்த்துக்கொள்.

காலையில் வெறும் வண்டியோடு போகும்போது தீவின் தெற்கு ஓரத்தை ஒட்டிக் குறுக்கே போயிருக்கிறான். வெளிச்சமாக இருந்தால் எல்லாரும் போவதுதான். கன்று விழுந்து கிடந்திருக்கிறது. நிறுத்தி நிமிர்த்தியிருக்கிறான். கெட்டிலை ஊற்றியிருக்கிறான். திரும்பும்போது தரைப்பனியில் அதையே பார்த்து வந்திருக்கிறான். அவ்வளவுதான் எஃபி. வேறு யாரும் இல்லை.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அந்தக் கன்றைப் பிடுங்கிக் கொண்டுவந்து என் அடுப்பில் போட்டேன். எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டொரு நாளில் ஹேவார்ட் கடைக்கு வந்து கையுறையைக் கழற்றாமலேயே, "என்ன ஆம்ப்ரோஸ், பிடுங்கிட்டேன்னு சொன்ன? அது பாட்டுக்கு நிக்குதே" என்றான்.

"நீ குடிச்சிட்டு வந்திருக்க."

"உன் கடையில விக்கிறதைக் குடிச்சா கண்ணு இன்னும் நல்லாத்தான் தெரியும். வா, வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். அதே இடத்தில் வேறொரு கன்று. நேராக, அழுத்தமாக நட்டிருந்தது. அடி பழுப்பு. வெட்டினேன். அதே இலை.

சுற்றிலும் புதுப்பனி. என் தடமும் ஹேவார்ட் தடமும் தவிர வேறு தடம் இல்லை. எவனோ வேடிக்கை செய்கிறான் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். யார் என்று தெரிந்தால் அவனுக்கு என் கடையில் உப்புகூடக் கிடையாது.

ஆம்ப்ரோஸ்

*

கூஸ் பே
23 மார்ச் 1974

அண்ணா,

இலை என்னுடையதுதான். போன வருஷம் பூச்சி அரித்து ஓரத்தில் ஓட்டை விழுந்திருந்தது. மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது அறை முழுக்க அந்த வாசம். சுடுதண்ணீர் பட்டால்தான் அந்த வாசம் வரும். நான் ஊற்றவில்லை.

யாரும் வேடிக்கை செய்யவில்லை. நீ அவரை விறகுக்காரராகத்தான் பார்த்திருக்கிறாய். நான் பதினெட்டு வருஷம் அவர் பின்னால் சறுக்குவண்டியில் உட்கார்ந்து போயிருக்கிறேன். விழுந்து கிடக்கிற எதையும் அவரால் தாண்டிப் போக முடியாது. காற்றில் அடுத்தவன் அடுக்கு சரிந்திருந்தால் நிறுத்தி இறங்கி, ஒவ்வொரு மரமாக நிமிர்த்திச் சாய்த்துவிட்டுத்தான் வருவார். நான் குளிரில் விறைத்துப்போய், "யாருதுன்னுகூடத் தெரியாது, எதுக்கு?" என்று கத்துவேன். "யாருதுன்னா என்ன, விழுந்திருக்கு" என்பார். சண்டைக்கப்புறம் உன் அடுக்கைக்கூட ஒருமுறை நிமிர்த்தினார். உன்னுடையது என்று தெரிந்துதான். அதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினார். இப்போது சொல்லிவிட்டேன்.

இங்கே நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் நீளக் கழி ஒன்று இருக்கிறது, துணி கிண்டுவதற்கு. சாயங்காலம் நான்தான் கீழே போட்டுவிட்டு வருகிறேன், வேண்டுமென்றே. காலையில் மூலையில் சாய்ந்து நிற்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

அவர் யாரையும் கொல்ல நிற்கவில்லை அண்ணா. ஒரு வழிக்கன்று திரும்பத் திரும்ப விழுகிறது, யாரும் கவனிப்பதில்லை, யாராவது வழி தவறிவிடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நீ பிடுங்கப் பிடுங்க நட்டுக்கொண்டேதான் இருப்பார். அது தப்பான இடம் என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

எஃபி

*

மர்ரே கோவ்
6 ஏப்ரல் 1974

எஃபி,

நீ என்னைப் பெயரில்லாமல் வெறும் அண்ணா என்று எழுதியிருந்ததை முதலில் பார்த்தேன். மற்றதைப் பிறகுதான் படித்தேன்.

இரண்டு வாரமாக இங்கே நடந்ததைச் சொல்கிறேன். வெறும் கன்றாக நின்றால்தானே ஆபத்து என்று, சிவப்பு எண்ணெய்த்துணியைக் கிழித்து அதன் தலையில் சுற்றிவிட்டு வந்தேன். அவசரத்தில் சும்மா சுற்றியதுதான், முடிச்சுப் போடவில்லை. அன்று முழுக்கக் காற்று. மறுநாள் போனால் துணி பறந்திருக்கும் என்று பார்த்தேன். பறக்கவில்லை. வலை கட்டுகிற முடிச்சில், இறுக்கமாக, அழகாகக் கட்டியிருந்தது. எனக்கு உதவி செய்திருக்கிறான். அந்த இடத்தில் நின்றுகொண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வந்ததற்கே பயம் வந்தது.

சிவப்புத் துணி ஆபத்துக்கு என்று எனக்குத் தெரியும். ஆனால் தரைப்பனியில் வருகிற மனிதனுக்குத் தூரத்திலிருந்து நன்றாகத் தெரிகிற ஒரே அடையாளம் அதுதான். புதன்கிழமை ஹேவார்ட் அதைப் பார்த்து அந்தப் பக்கமாக வண்டியைத் திருப்பிவிட்டான். வடக்கே இருக்கிற கன்றுகள் மூடிப்போயிருந்தன. ஸ்கிடூவின் முன்பக்கம் ஐஸுக்குள் இறங்கியதும் பக்கவாட்டில் உருண்டு தப்பித்தான். வண்டி போய்விட்டது. முழங்கால் வரை நனைந்து நடந்தே வந்தான். நர்ஸ் அவன் கால் விரல்களைப் பார்த்துவிட்டு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. படுத்துக்கொண்டு என்னிடம், "எல்ட்ரெட் முன்னாடி நின்னு கையை ஆட்டிக் கூப்பிட்டான் ஆம்ப்ரோஸ். கோவமா இல்ல. வழி காட்டுற மாதிரி, நல்லாத்தான் கூப்பிட்டான்" என்றான்.

இப்போது யாரும் குடாவைத் தாண்டுவதில்லை. இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் பச்சை. மீன் உலர்த்துகிற பரண்களை உடைத்து எரிக்கிறார்கள். பள்ளிக்கூட அடுப்பு அணைந்து கிடக்கிறது, பிள்ளைகள் வீட்டில். எரிகாட்டில் எல்ட்ரெட்டின் விறகு நிற்கிறது. நடுவில் அந்தக் கன்று. இன்னும் ஒருவன் போய்ச் சேருவதற்குள் இது முடியவேண்டும்.

அவனிடம் சொல்ல வேண்டும் என்கிறாய். நான் கடைக்காரன், பாதிரி இல்லை. உன் பேச்சை அவன் கேட்பான். நீ வா. விமானச் செலவு என்னுடையது. வீட்டில் அடுப்பு மூட்டி வைக்கிறேன். வேறென்ன வேண்டும், சொல்.

ஆம்ப்ரோஸ்

*

கூஸ் பே
13 ஏப்ரல் 1974

அண்ணா,

நான் வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. என் குரல் கேட்டால் அவர் அங்கேயே இருந்துவிடுவார். அவர் இருந்தால் நானும் அந்த ஐஸிலிருந்து எழுந்து வரமாட்டேன். ஹேவார்டின் கடிதம் அவன் மனைவி எழுதிப் போட்டாள். கையை ஆட்டிக் கூப்பிட்டார் என்று படித்ததும் நான் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். விமானத்தளம் வரைக்கும் நடந்துவிட்டேன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துத் திரும்பிவிட்டேன். அதனால்தான் சொல்கிறேன், என்னைக் கூப்பிடாதே.

நீ போ. என் பேச்சை அவர் எப்போது கேட்டார்? நான் எது சொன்னாலும் சரி என்பார், செய்யமாட்டார். உன்னிடம்தான் விவாதம் செய்வார். வீட்டுக்கு வந்தும் உனக்குப் பதில் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்.

கடைக்குப் பின்னால் வைத்திருக்கிற லோடை அவர் வண்டியோடு கொண்டுபோ. அந்தக் கன்றுக்குப் பக்கத்தில் நிறுத்து. மன்னிப்பெல்லாம் வேண்டாம், உன் வாயில் அது வராது. வந்தாலும் அவர் நம்பமாட்டார், உடம்பு சரியில்லையா என்று கேட்பார். நீ செய்கிறதைச் செய். கட்டையை உருவு. முகர்ந்து பார். பார்த்ததைச் சொல். அதைக் கேட்கத்தான் அவர் அந்த லோடை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தார்.

பிறகு பேரம் பேசு. நீ முடிக்கிறது எனக்குச் சம்மதம். ஒன்று மட்டும். அவரைக் குறைத்து மதிக்காதே.

எஃபி

*

மர்ரே கோவ்
9 மே 1974

எஃபி,

போனேன். நல்ல வெயில் நாளாகப் பார்த்துத்தான் போனேன், அதை மறைக்கவில்லை. ஹேவார்ட் ஒரு கால் செருப்போடு கரை வரை வந்து, "கயிறை நீளமா விட்டுக்க, உன் எடைக்கு ஐஸ் கொஞ்சம் யோசிக்கும்" என்றான். அவனுக்கு இரண்டு விரல் போய்விட்டது, ஆனால் வாய் அப்படியே இருக்கிறது.

கன்று நின்றது. ஸ்கிடூவைத் தள்ளி நிறுத்திவிட்டு, லோடுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். யாரிடம் பேசுகிறோம் என்று தெரியவில்லை. கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறோம், எதிரில் அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வந்தது.

"எல்ட்ரெட், லோடைப் பார்க்கிறேன்" என்றேன்.

அடியிலிருந்து உருவினேன். நடுவிலிருந்து உருவினேன். தண்ணீர் பட்ட மரம், ஆனாலும் இரண்டு மாதம் காற்றில் கிடந்ததால் மேல் ஈரம் போய்விட்டது. கோடரியால் பிளந்தேன். மணி அடித்ததுபோலச் சத்தம். உள்ளே வெளுத்து, எலும்பாக இருந்தது. ஒவ்வொன்றாகப் பிளந்தேன் எஃபி. லோடு முழுவதும். கை மரத்துப்போயிற்று. ஒரு கட்டை பச்சை இல்லை.

"அக்டோபர்ல கொண்டுவந்தது பச்சை" என்றேன். "இது காஞ்சது. இந்தக் கரையில இதைவிட நல்ல விறகு நான் வாங்கினதில்ல. கடையில எல்லார் முன்னாடியும் சொல்றேன். புகையைப் பத்திப் பேசினது வேண்டாத பேச்சு."

காற்று நின்றிருந்தது. அவன் என்றைக்கும் என்னிடம் சரி என்று சொன்னதில்லை. எதிர்த்துப் பேசவில்லை என்றால் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் விஷயத்துக்கு வந்தால்தான் பேசுவான். வந்தேன்.

"இந்தக் கன்று வழிக்கன்று இல்ல. எவனோ லோடுலேருந்து விழுந்தது. வழி அந்தப் பக்கம், தீவுக்கு வடக்க. நீ நட்டதுதான், எல்லாம் நேரா நிக்குது. இதை நிமிர்த்தித்தான் நீ போன. ஹேவார்டும் போயிருப்பான்."

 தான் இறந்த காரணத்தை ஒரு மனிதனிடம் சொல்வது எப்படி என்று யாரும் நமக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. இழுப்புப் பக்கமாக ஐஸ் நீளமாக ஒரு முனகல் முனகியது. அது அவன்தானா, அலைதானா, எனக்குத் தெரியாது. எதிர்ப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவன் கேட்டுப் புரிந்துகொள்கிற சத்தம் போல இருந்தது.

பிறகு பேரம் பேசினேன். சொல்லவேண்டியதைச் சொல்லி, கன்றைப் பிடுங்கி, அங்கேயே கிடத்தினேன். கொண்டுவந்து எரிக்கவில்லை, கிடத்தினேன். வண்டியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கப் போகிறது என்று எத்தனை முறை நினைத்தேன் தெரியுமா. கிடந்தது.

பிளந்ததை மறுபடி ஏற்றிக்கொண்டு திரும்பும்போது கரையோரம், ஐஸ் உடைந்து மேடாகக் கிடக்கிற இடத்தில், ஏற்றிய வண்டியைப் பின்னாலிருந்து ஒரு ஆள் தள்ளாமல் ஏற்ற முடியாது. நான் தனி ஆள். இறங்கி லோடில் பாதியை இறக்கவேண்டும் என்று வேகத்தைக் குறைத்தேன். வண்டி ஏறிவிட்டது. பின்னால் ஒருவன் தோளைக் கொடுத்தால் எப்படி ஏறுமோ அப்படி. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வியாபாரம் முடிந்தபிறகு ஆளை உற்றுப் பார்ப்பது என் வழக்கம் இல்லை.

அன்றிலிருந்து எல்லாரும் தாண்டுகிறார்கள். கன்று கிடந்த இடத்தைப் பனி மூடிவிட்டது. சலவைக்கூடத்தில் அந்தக் கழி எப்படி இருக்கிறது என்று எழுது. கீழே கிடந்தால் கிடக்கட்டும், எடுக்காதே.

முடித்த பேரம் இது. எரிகாட்டில் அவன் நிறுத்திய விறகு முழுவதையும் நானே இழுத்துவருவேன், கூலி கிடையாது. ஐஸ் இளகுவதற்குள் முடியாததை அடுத்த குளிர்காலத்தில் இழுப்பேன். பாதி உன் வாசலில், நீ வந்தாலும் வராவிட்டாலும். பாதி பள்ளிக்கூடத்துக்கு, அவன் பெயரில். ஒவ்வொரு வருஷமும் குடா உறைந்ததும் வழிக்கன்று நடுவது என் வேலை. வழியில் எது விழுந்து கிடந்தாலும், யாருடையதாக இருந்தாலும், இறங்கி நிமிர்த்துவதும் என் வேலை. அவன் பங்குக்கு, இனி எதையும் நிமிர்த்த வேண்டியதில்லை.

ஆம்ப்ரோஸ்